மார்கரீத்தாவை எழுதி முடித்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

இன்று ஏப்ரல் 25. என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1969-இல் உருகுவேயின் மோந்தேவிதேயோவில் ஸ்பெயின் நடிகை மார்கரீத்தா ஷிர்கு கண்மூடிய நாள். ஐந்து வருஷம் முன்பு இதே தேதியில்தான் அவரைப் பற்றி ஓராள் நாடகம் ஒன்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதி முடித்துவிட்டேன், ஆனால் நீங்கள் கேட்டபடி எழுதவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. நம் குழுவில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சில விஷயங்களைப் பெயர் சொல்லாமல் தாண்டிப் போகிறேன். உங்களுக்குப் புரியும்.

கடைசிக் காட்சி 1936 ஆகஸ்ட்டாக இருக்க வேண்டும் என்றீர்கள். ஸ்பெயினில் கிரனாடாவுக்குப் பக்கத்தில், அவருக்கு நாடகங்கள் எழுதித் தந்த கவிஞர் லோர்க்காவைச் சுட்டுக் கொல்கிறார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் மார்கரீத்தாவுக்குச் செய்தி வருகிறது, விளக்கு அணைகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த வருஷம் ஜனவரி கடைசியில் ஸ்பெயினின் சாந்தாந்தேர் துறைமுகத்தில் அவர் கப்பல் ஏறும்போது லோர்க்கா பின்னால் வந்து சேர்வதாகத்தான் பேச்சு. வரவில்லை. அதற்காக அவர் வாழ்க்கையையும் அங்கேயே முடித்துவிடலாமா? அந்த ஆகஸ்ட்டில் அவருக்கு வயது 48. இன்னும் 33 வருஷம் பாக்கி இருந்தது. அந்த 33 வருஷத்தை எல்லாருமே இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதி வயதில் மேடையை விட்டு இறங்கி எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர் நீங்கள்.

லோர்க்காவின் 'யெர்மா' நாடக ஒத்திகையில் கரண்ட் போன அந்த ராத்திரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அதைப் பார்த்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

மொட்டை மாடி. புருஷனின் கழுத்துக்குப் பதிலாக எங்கள் வீட்டுத் தலையணை. பிள்ளை வேண்டும் என்றே உருகிக் கிடந்த யெர்மா கடைசியில் புருஷனைக் கொன்றுவிடுகிறாள். இனிப் பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை. 'என் பிள்ளையை நானே கொன்னுட்டேன்' என்பது வரி. நான் நாலு தடவை கத்தினேன். நாலும் சரியில்லை என்றீர்கள். அப்புறம் நீங்களே தலையணையை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள். லோர்க்கா போன பிறகு அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரெஸ் மேடையில் மார்கரீத்தா இந்த வரியை மாற்றிச் சொன்னார் என்று சொல்வார்கள் என்றீர்கள். சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்கிற மாதிரி, 'என் பிள்ளையைக் கொன்னுட்டாங்க' என்றீர்கள்.

டேன், டாங்க. ஒரு விகுதிதான் மாறியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வசனம் முடிந்த பிறகும் நீங்கள் தலையணையைக் கீழே போடவில்லை. மடியில் வைத்து, உறையில் விழுந்திருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தீர்கள். இருட்டில் அந்தக் கை மட்டும் தெரிந்தது. நடிப்பு என்றால் என்ன என்று நான் படித்தது அந்தக் கையிடம்தான்.

அதற்கு அடுத்த வாரம் சீரியலுக்குப் போனேன். நேரில் சொல்லாமல் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது தப்பு. மன்னித்துவிடுங்கள். ஆனால் அக்கா, அந்த மாதம் எங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். வாடகை மூன்று மாதம் நின்றிருந்தது, தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. நேரில் வந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே மறுபடி ஒத்திகையில் நின்றிருப்பேன். அதனால்தான் வரவில்லை. நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? அத்தனை பேர் முன்னால், 'அவ விலை போயிட்டா' என்றீர்கள். மறுநாளே என் காதுக்கு வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்பது வேண்டாம். அந்த வார்த்தையை நான் இன்னும் விழுங்கவில்லை.

கேமரா நடிகையைக் கெடுக்கும் என்பீர்கள். மார்கரீத்தா பேசாப்பட காலத்திலேயே கேமரா முன்னால் நின்றவர். 1938-இல் அர்ஜென்டினாவில் லோர்க்காவின் 'இரத்தத் திருமணம்' படமானபோது அதில் தாயாக நடித்தார். அவர் நடப்பதையும் பேசுவதையும் இன்று ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படத்தைத்தான் தேடிப் போக வேண்டும். 1910-இல் பார்சிலோனாவையே அலற வைத்த அவருடைய 'சலோமே'யும், 1927-இல் ஓவியர் சால்வதோர் தாலி வரைந்த திரைகளுக்கு முன்னால் அவர் நின்ற லோர்க்காவின் 'மரியானா பினேதா'வும் பார்த்தவர்களோடு போய்விட்டன. கேமரா பிடித்துவைத்தது மட்டும் நிற்கிறது. கோபத்தில் எதிர்வாதம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் 'யெர்மா'வை யாரும் படம் பிடிக்கவில்லையே என்று எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன் தெரியுமா?

சரி, நாடகத்துக்கு வருகிறேன். லோர்க்கா சாவதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதி முடித்த 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' ஒன்பது வருஷம் மேடை காணாமல் கிடந்தது. 1945 மார்ச் 8 அன்று புவனோஸ் ஐரெஸின் அவெனிதா அரங்கில் அதை மேடையேற்றி, பெர்னார்தாவாக நின்றதும் மார்கரீத்தாதான். அவர் சொத்தை ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்கள் பறிமுதல் செய்திருந்தார்கள். 1949-இல் ஊர் திரும்ப மனசு வந்தது. அங்கே ஒரு பத்திரிகையில் வசைக் கட்டுரை வந்தது, அதோடு அந்த எண்ணத்தை விட்டார். அதே வருஷம் மோந்தேவிதேயோவில் நாடகப் பள்ளி தொடங்கிற்று, இயக்குநர் நாற்காலியில் அவர். இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கு அவர் பெயர்தான். ஒரு கதவு மூடிய அதே வருஷம் இன்னொரு வாசலில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து உச்சரிப்பு சொல்லிக்கொடுத்த மனுஷி அவர். இதை விட்டுவிட்டு எப்படி அக்கா விளக்கை அணைப்பேன்?

என் நாடகம் 1963-இல் தொடங்குகிறது. புவனோஸ் ஐரெஸ், 'யெர்மா' ஒத்திகை. மார்கரீத்தாவுக்கு 75 நெருங்குகிறது. 1934-இல் மத்ரித்தில் முதன்முதலாகத் தான் நடித்த வேடத்தை நடிகை மரியா கசாரெஸுக்குக் கொடுத்துவிட்டு, இயக்குநராக எதிரே உட்கார்ந்திருக்கிறார். கசாரெஸும் நாட்டைவிட்டு ஓடிவந்த வீட்டுப் பெண். 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அங்கே பிரதமராக இருந்தவரின் மகள். பாரிசில் பிரெஞ்சு மொழியிலேயே நடித்துப் பெயர் வாங்கியவர், இப்போது தாய்மொழியில் அந்தக் கடைசி வரியைச் சொல்ல வேண்டும். கிழவி அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாடகம் முழுக்க இந்த ஒரு ஒத்திகைதான்.

அதனால் இது ஓராள் நாடகம் இல்லை. இரண்டு பேர் வேண்டும். மரியாவை நான் செய்கிறேன். மார்கரீத்தாவை வேறு யாரும் செய்ய விடமாட்டேன்.

பிரதியை நேற்று கூரியரில் அனுப்பினேன். 41-ஆம் பக்கத்தில் கடைசி வரியை டைப் செய்யவில்லை. டேனா, டாங்களா என்று நீங்கள் சொல்லித்தான் நான் சொல்ல வேண்டும். 'விலை போயிட்டா' பற்றியும் அன்றைக்கே பேசிவிடுவோம், முதலில் அதைப் பேசிவிட்டு அப்புறம் ஒத்திகை.

அந்தத் தலையணை வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷூட்டிங் இல்லை.