நாலு மணிப் பசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாடிக்குத் தளம் போட்டாயிற்று. சித்தப்பா வந்து குறை சொல்லிவிட்டுப் போனார். சரி, அதை விடு. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நிறையச் சாப்பிடச் சொல்லவில்லை. காயை முதலில் சாப்பிடு என்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தரம் சோறு வாங்கினாய், கூட்டை ஒதுக்கிவிட்டாய். தூங்கி எழுந்து நாலு மணிக்கு முறுக்கு டின்னைத் திறந்தாய். அது நாக்கு ருசி மட்டும் இல்லை, பாப்பா. பச்சரிசிச் சோற்றின் மாவுச்சத்து சீக்கிரமே குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும். அதை இறக்க இன்சுலின் நிறையச் சுரக்கும். ஏறினது மளமளவென்று இறங்கும்போது மறுபடி பசிக்கும். அந்தப் பசிக்கு முறுக்கு. அதுவும் அரிசி மாவுதான். கேழ்வரகுக் கூழ் ஒன்றும் செய்யாது என்று அத்தை சொல்வதை நம்பாதே. நைசாக அரைத்து, குழையக் காய்ச்சினால் அதுவும் ஏற்றும். நான் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், 232.

சோற்றைக் குறை. பருப்பு, முட்டை, சுண்டல் சேர்த்துக்கொள். சாப்பிட்டதும் கொஞ்சம் நட. காயை முதலில் சாப்பிடு. தாத்தாவின் கால் என்ன ஆனது என்று நினைத்துக்கொள்.

நீ மேனேஜர் ஆனதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் உடம்புக் கணக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?

உன் பையில் குடை தேடினேன். லேப் தாள் கிடைத்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அந்த HbA1c, 6.2 சதவீதம். 5.7-இலிருந்தே எச்சரிக்கை, 6.5 என்றால் சர்க்கரை நோய். இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்க நாலு தடவை போனை எடுத்தேன்.

கேட்க வாய் வரவில்லை. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது உனக்கு எட்டு வயது. அம்மா அளந்து போட்டதைத் தின்றுவிட்டு, டியூஷனிலிருந்து உன்னைக் கூட்டிவரும் வழியில் பரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்துவேன். உனக்கு ஒன்று, எனக்கு மூன்று. "அம்மாகிட்ட சொல்லாதே" என்பேன். நீ ஒரு நாளும் சொன்னதில்லை. கடைக் குழாயில் கையைக் கழுவி, மோந்து பார்த்து, சால்னா வாசம் போகவில்லை என்று மறுபடி கழுவுவாய். அதுதான் இந்த ஒரு வாரமாகக் கண்ணில் நிற்கிறது.

வியாழக்கிழமை எனக்கு ரத்தம் எடுக்கிறார்கள். தாள் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அம்மாவிடம் காட்டாத பழைய இரண்டையும் சேர்த்து. நீயும் உன்னுடையதை அனுப்பு.

காயை முதலில் சாப்பிடு.

அப்பா