வண்டி வாங்கும் முன் எடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாகச் சரக்கு வண்டி வாங்கித் தொழில் தொடங்கும் இளைஞர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன், மானியம், மாதத் தவணை எல்லாம் விளக்கமாக இருந்தன. சட்டம் என்ன கேட்கிறது என்பதற்கு மட்டும் ஒரு பத்திகூட இல்லை. நான் காரைக்குடியில் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கும் காகித வேலையும் பார்க்கிறவன். எங்கள் பக்கம் லோடு கிடைத்தும் காகிதத்தால் நொடித்துப்போன வண்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஷோரூமுக்குப் போகிறவர் விலையைக் கேட்கிறார், தவணையைக் கேட்கிறார், எவ்வளவு இழுக்கும் என்று கேட்கிறார். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் மொத்த எடை என்று எவ்வளவு பதிவாகும் என்று கேட்பதே இல்லை. சட்டமோ முதலில் அதைத்தான் பார்க்கிறது. வண்டியும் அது ஏற்றக்கூடிய சரக்கும் சேர்ந்த அந்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆவது பிரிவின்படி பெர்மிட், அதாவது சரக்கு ஏற்றி ஓட்ட அரசு தரும் அனுமதி, தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட் எடுத்தாக வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளிமாநிலம் போவதென்றால் நேஷனல் பெர்மிட். அதற்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். "என் கடைச் சரக்கைத்தானே ஏற்றுகிறேன், வாடகைக்கா ஓட்டுகிறேன்?" என்று சிலர் கேட்பார்கள். சொந்தச் சரக்கை ஏற்றினாலும் அது போக்குவரத்து வாகனம்தான். மஞ்சள் நம்பர் பிளேட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கும் உண்டு. புது வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அப்புறம் ஆண்டுதோறும்.

செட்டிநாட்டில் இந்த எடை விஷயம் மற்ற ஊர்களைவிடப் பெரிது. எங்கள் சரக்கு அப்படி. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், கருங்கல் தூண், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது இறக்கும் தேக்கு உத்தரம், நிலைக்கதவு. ஆத்தங்குடிக் கல்லை மினி லாரியில் அடுக்கினால் தொட்டியில் பாதிகூட நிரம்பியிருக்காது, எடை அதற்குள் எல்லையைத் தொட்டிருக்கும். சரக்கு அனுப்பும் பார்ட்டி நின்றுகொண்டு, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்பார். புதுப் பையன் மறுக்க மாட்டான். வழியில் எடை போட்டுப் பார்த்தால் அதே சட்டத்தின் 194-ஆவது பிரிவு: 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை இறக்கும் செலவும் அவன் தலையில். இறக்காமல் வண்டி நகரக் கூடாது. ஒரு மாதத் தவணை அந்த ஒரே நடையில் போய்விடும். கல் ஏற்றுவதுதான் தொழில் என்று முடிவானால், பெர்மிட் செலவுக்குப் பயந்து சின்ன வண்டி வாங்காதீர்கள். பெர்மிட்டோடு பெரிய வண்டி எடுப்பதுதான் கட்டுப்படியாகும் என்பது என் கருத்து.

பெர்மிட் வேண்டிய வண்டியை அது இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதைவிடக் கொடியது விபத்து நடந்த பிறகு வருவது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது சட்டத்தையே அடிப்படையில் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வண்டிக்காரரிடம் வசூலிக்கலாம். பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தும் வீட்டை விற்க வேண்டிய நிலை வரலாம்.

ஆள் ஏற்றும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். குன்றக்குடிக்குக் காவடி, பிள்ளையார்பட்டிக்குக் குடும்பம், பக்கத்து ஊர்த் துக்க வீடு என்று எதற்கும் சொந்தக்காரர்கள் சரக்கு வண்டியைத்தான் கேட்கிறார்கள். சரக்குக்கு உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு வந்தால் பாலிசி பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறி வருகிறவர்களுக்குக் கிடையாது. மாமா கேட்டார், மச்சான் கேட்டார் என்று தொட்டியில் ஏற்றி அனுப்பும் அண்ணன் தம்பிகள் தயவுசெய்து இதை நினைக்க வேண்டும். கவிழ்ந்தால் போகும் உயிரும் நம் சொந்தம், நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடுவதும் நம் சொந்தம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லுங்கள்.

லைசென்சில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சரக்கு வண்டி ஓட்ட லைசென்சில் தனியாக பேட்ஜ் எனும் அனுமதி வாங்க வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கி மேஜைக்குள் வைத்துவிட்டு, பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். பெர்மிட் வண்டியோடு தானாகக் கைமாறாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். விற்றவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

கிராவல், சவுடு, எம்-சாண்ட் ஏற்றுபவர்கள் கனிமத்தைக் கொண்டுபோக அனுமதிக்கும் நடைச்சீட்டு இல்லாமல் குவாரியை விட்டு நகராதீர்கள். அதில் வண்டியே பறிபோகும். மற்றச் சரக்குக்கு இ-வே பில், அதாவது இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. வழிச்சீட்டு, வேண்டும்: சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல். சரக்குக்கு ரசீது போட்டு புக்கிங் ஏஜென்சி நடத்தாமல் வண்டியை மட்டும் ஓட்டுகிறவருக்கு ஜி.எஸ்.டி. பயம் வேண்டாம். வருமான வரியிலும் 10 வண்டி வரை வைத்திருப்பவருக்குச் சலுகைக் கணக்கு உண்டு. 12 டன்னுக்கு உட்பட்ட வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும், பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை.

இவை எல்லாம் அரசாங்கம் வெளியிட்ட விஷயங்கள்தான். ஆனால் தவணையில் வண்டி எடுக்கும் ஒரு கண்டனூர்ப் பையன் கையில் இதைத் தமிழில் கொடுப்பவர் யாரும் இல்லை. மொத்த எடை எவ்வளவு, பெர்மிட் வேண்டுமா வேண்டாமா என்ற இரண்டு விவரங்களையும் ஒவ்வொரு வண்டியின் விலைச்சீட்டிலும் தமிழில் அச்சிட வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஷோரூம்களுக்கு உத்தரவிட வேண்டும். சுயதொழில் கடனுக்கு விண்ணப்பம் வாங்கும் மாவட்டத் தொழில் மையமும், கடன் கொடுக்கும் வங்கியும் கையெழுத்துக்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும். உங்கள் இதழ் அடுத்த வாரமே ஒரு பக்கம் ஒதுக்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஒருவரிடம் கேட்டு இந்த விவரங்களை வெளியிட்டால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எங்கள் ஆபீஸ் சுவரில் நானே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர்,
காரைக்குடி