பதப்பொருள் இல்லை என்பது பெருமையா?

ஐயா,

வீட்டிலேயே கற்றாழை ஜெல், முகப்பூச்சு தயாரித்து விற்கும் பெண்களைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அவர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால், ‘பதப்பொருள் அறவே கலக்காதது’, அதாவது கிருமிகளால் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காதது, என்பதையும் கட்டுரை ஒரு சிறப்பாக எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. எண்ணெயும் மெழுகும் மட்டுமே சேர்ந்த தைலத்துக்கு அது பொருந்தலாம். தண்ணீர் கலந்த பூச்சு கிருமிகளுக்கு விருந்து. சூடோமோனாஸ் பாக்டீரியா பெருகிய பூச்சு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ‘வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறோமே’ என்பார்கள். அது எண்ணெயில் சிக்குவாடை வராமல் காக்குமே தவிர, கிருமிகளைத் தடுக்காது. நான் அழகு நிலையம் நடத்துகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த அத்தகைய ஜெல் டப்பாவின் மூடியைத் திருகியபோது, உள்விளிம்பெங்கும் கரும்புள்ளிகளாகப் பூசணம் பூத்திருந்தது. மேலாக வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை முகத்தில் பூசி வந்திருக்கிறார்!

பதப்பொருளைப் பேருக்குச் சேர்த்தாலும் பயனில்லை. சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருள் அமிலத்தன்மையுள்ள கலவையில்தான் நன்றாக வேலை செய்யும். தயாரிப்பில் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றை வேண்டுமென்றே செலுத்தி, அவை அழிகின்றனவா என்று 28 நாள்கள் கண்காணிக்கும் ஐஎஸ்ஓ 11930 என்ற சர்வதேசத் தரச் சோதனை இதற்காகவே உள்ளது. சிறு தயாரிப்பாளர்களுக்கு இச்சோதனையைக் குறைந்த கட்டணத்தில் செய்துதர மாவட்டத் தொழில் மையங்கள் வழியாக அரசு ஏற்பாடு செய்யலாம். திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதையும் லேபிளில் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும்.

– வாசகி, ஈரோடு