கத்தரிக்கோல் மட்டும் போதாது: மாதிரி விமானமும் கண்ணாடி இழைத் துணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்யும் முறையைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இறக்கையின் குறுக்குச் சட்டங்களை ஒரே அளவில் அறுப்பது, அவற்றின் மேல் மெல்லிய பால்சாத் தகட்டை ஒட்டுவது, உப்புத்தாள் போட்டு வளைவைச் சீராக்குவது ஆகியவை பொறுமையாக விளக்கப்பட்டிருந்தன. ஆனால் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, ஃபைபர் கிளாஸ் துணியை, அதாவது கண்ணாடி இழைத் துணியை, கத்தரிக்கோலால் அளவாக வெட்டி எபாக்ஸி என்ற பிசினைத் தடவி இறக்கையின் மேல் ஒட்டிவிட வேண்டும் என்ற பொருளில் ஒரே வாக்கியத்தோடு கட்டுரை முடிந்துவிட்டது. பல மாதம் உழைத்துச் செய்த இறக்கை அந்த ஒரு வாக்கியத்தில்தான் கெட்டுப்போகிறது. வேலையில் இருந்த காலத்திலிருந்தே விடுமுறை நாள்களில் இந்த விமானங்களோடு பொழுதைக் கழித்துவருகிற, தொழிற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவன் என்ற முறையில், அந்தக் குறையை நிரப்ப இதை எழுதுகிறேன்.

இந்தத் துணி மற்றத் துணிகளைப் போன்றதல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். பருத்தி நூல் என்பது குட்டையான பஞ்சு இழைகளை முறுக்கிச் சேர்த்தது; அதன் மேல் நிற்கும் மெல்லிய சுணைகள் பக்கத்து நூலைப் பற்றிக்கொள்வதால், வெட்டிய ஓரம் சிறிது நேரமாவது கலையாமல் நிற்கும். கண்ணாடி நூலில் அப்படிப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய, வழுவழுப்பான, முடிவில்லாமல் நீளும் இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்ததே அந்த நூல். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கியிருப்பது மட்டுமே அந்தத் துணியைத் துணியாக வைத்திருக்கிறது. வெட்டிய இடத்தில் அந்தப் பிடிப்பும் போய்விடுவதால் ஊடை நூல்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வெளியே வருகின்றன. பட்டுச் சேலையோடு வருகிற ரவிக்கைத் துணியை வெட்டித் தைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை ஓரளவு தெரிந்திருக்கும். அங்கே ஓரத்தை ஓவர்லாக் அடித்துவிடலாம், முந்தானையில் குஞ்சம் கட்டிவிடலாம். இறக்கையின் மேல் ஒட்டுகிற துணிக்கு அந்த வசதி கிடையாது. ஓரத்தில் ஒரு நூல் கனம் கூடினாலும் பெயின்ட் அடித்த பின் அது வரப்புப் போலத் தெரியும்.

என் தந்தையார் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல் இயந்திரம் போட்டிருந்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்குப் பல காலம் முந்திய கதை இது. என் முதல் இறக்கைக்குத் துணி ஒட்ட முனைந்தபோது, அவர் உயிராக வைத்திருந்த பெரிய கத்தரிக்கோலை அவரிடம் கேட்காமலே எடுத்துக் கண்ணாடித் துணியை வெட்டினேன். துணி கத்தரியின் வாயில் வழுக்கிக் கோணலாகப் போயிற்று. ஓரம் முழுவதும் தாடி முளைத்தது போல நூல் தொங்கியது. அதைவிடப் பெரிய சேதத்தை மறுநாள் அவர்தான் கண்டுபிடித்தார். பாப்ளின் துணியில் கத்தரியை ஓட்டிய உடனே அது கடிக்கத் தொடங்கியது. கண்ணாடி இழை எஃகின் கூர்மையைத் தேய்த்துவிடும் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். இரண்டு முறை சாணை பிடித்தும் அந்தக் கத்தரி பழைய நிலைக்கு வரவில்லை. கோபம் தணிந்த பிறகு, நான் வெட்டிய துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "துணியத் தூக்கி வெட்டுனா அது கோணத்தான்டா செய்யும், துணி கெடக்கணும், கத்திதான் நடக்கணும்" என்றார். கண்ணாடித் துணியை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கத்தரிக்கோலின் கீழ்வாய் துணிக்கு அடியில் நுழையும்போது துணி மேசையை விட்டு எழும்புகிறது. எழும்பிய துணியில் பாவுக்கும் ஊடைக்கும் இடையிலுள்ள செங்கோணம் கலைகிறது. கலைந்த நிலையில் வெட்டிய துண்டை மீண்டும் விரித்தால், நேராக வெட்டியதாக நினைத்த ஓரம் வளைந்திருக்கும். ஆகவே துணியை எழுப்பாத கருவி வேண்டும். சக்கரம் போன்ற வட்டக் கத்தியை உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டர் அதற்கு ஏற்றது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் இதை முதன்முதலாகக் கொண்டுவந்தது. இன்று தையற்பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் பல நிறுவனங்களின் கட்டர்கள் கிடைக்கின்றன. நேர்கோடுகளுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரமும், இறக்கை நுனி போன்ற வளைவுகளுக்கு 28 மில்லிமீட்டர் சக்கரமும் வசதியாக இருக்கும். எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாக ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், ஒரு தடவை மட்டும் உருட்ட வேண்டும். முன்னும் பின்னுமாக அறுத்தால் சக்கரமும் நூலை இழுக்கவே செய்யும்.

அடியில் எதை விரிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கண்ணாடி மேசையில் வைத்து வெட்டினால் சக்கரத்தின் கூர் உடனே போய்விடும். மரப்பலகையில் வெட்டினால் பழைய கீறல்களில் சக்கரம் தடம் மாறும். கட்டிங் மேட் வாங்க முடியாதவர்கள், தரைக்கு விரிக்கும் கெட்டியான பிவிசி விரிப்பின் மிச்சத் துண்டைச் சமமான பலகையில் போட்டுக்கொள்ளலாம். ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை ஒரு நூல் மட்டும் வெட்டுப்படாமல் நிற்பதைக் கண்டால் துணியைக் குறை சொல்ல வேண்டாம். 45 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு அதுதான். சக்கரத்தில் எங்கோ ஒரு இடத்தில் சிறு பல் விழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது நிற்கிற நூலைக் கையால் இழுத்துவிடாமல், சிறு கத்தரியால் நறுக்கிவிட்டு, பிளேடை மாற்றுவதே வழி. கையால் இழுத்தால் அந்த நூல் இறக்கையின் மறுமுனை வரை சுருக்கிக்கொண்டு வரும். கண்ணாடித் துணிக்குப் பயன்படுத்திய பிளேடை வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது. அந்தப் பாடத்துக்கு எங்கள் வீட்டில் விலை கொடுத்தாகிவிட்டது.

வெட்ட வேண்டிய கோட்டைக் கண்டுபிடிப்பதற்கு நெசவாளர்களும் தையல்காரர்களும் செய்வதையே செய்யலாம். வேண்டிய இடத்தில் ஒரு ஊடை நூலை மெல்லப் பிடித்து உருவினால், துணியின் குறுக்கே ஒரு மெல்லிய இடைவெளி கோடு போல விழும். அதன் மேல் கட்டரை ஓட்டினால் வெட்டு நூல் பிசகாமல் நேராக அமையும். 50 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள துணியில் இது எளிதாக வரும். 25 ஜிஎஸ்எம் துணியில் நூல் பாதி வழியிலேயே அறுந்துவிடக்கூடும். அங்கே அளவுகோலைப் பாவு நூலுக்கு இணையாகக் கண்ணால் வைத்துக்கொள்வதுதான் முடியும். தையற்கடை மார்க்கிங் சாக்கால் கோடு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மெழுகு கலந்திருந்தால் அந்த இடத்தில் எபாக்ஸி பிடிக்காது.

மிக மெல்லிய துணிக்கு இன்னொரு உபாயம் உண்டு. துணியை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து மூன்றையும் சேர்த்து வெட்டினால், தாள்கள் நூலை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். தங்கள் நாளிதழையே இதற்குப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதை ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். மை துணியில் ஒட்டி, வெள்ளை இறக்கை ஒன்றில் தலைப்புச் செய்தியின் நிழல் விழுந்த பிறகு பட்டர் பேப்பருக்கு மாறிவிட்டேன். மாஸ்கிங் டேப்பை வெட்டுக்கோட்டின் மேல் ஒட்டி, டேப்பின் நடுவிலேயே வெட்டுகிறவர்களும் உண்டு. ஓரம் அருமையாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பிறகு அந்த டேப்பை உரிக்கும்போது மெல்லிய துணியின் நெசவே அதோடு எழுந்துவிடும். எனவே டேப் உள்ள பகுதி இறக்கைக்கு வெளியே தொங்குகிற கழிவுப் பகுதியாக இருக்கும்படி முன்கூட்டியே அளவு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட, அளவாக வெட்டுதல் என்ற எண்ணத்தையே கைவிடுவது நல்லது என்பேன். இறக்கையின் ஓரத்தோடு ஓரம் சரியாக வருமாறு உலர்ந்த துணியை வெட்ட எவராலும் முடியாது; முடிந்தாலும் தூரிகை பட்டதும் அந்த ஓரம் கலைந்துவிடும். எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டராவது கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பிறகு துணியை இறக்கையின் மேல் உலர்வாகவே விரித்து, மென்மையான தூரிகையால் தடவிச் சுருக்கம் நீக்கி, எபாக்ஸியை நடுவில் ஊற்றி, பழைய ஏடிஎம் அட்டை ஒன்றால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வழிக்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்நோக்கி வழித்தால் தொங்குகிற நூலெல்லாம் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும்.

உண்மையான ஓரவெட்டு அதன் பின்னர்தான் வருகிறது. எபாக்ஸி முழுதும் இறுகாமல், நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற பதத்தில் இருக்கும்போது, தொங்கும் துணியைப் புதிய பிளேடால் ஓரத்தை ஒட்டிச் சீவினால் வெண்ணெயை வெட்டுவது போல வரும். அந்தப் பதம் தவறிவிட்டால் கவலை வேண்டாம். நன்றாக இறுகிய பின், கட்டையில் சுற்றிய 220 எண் உப்புத்தாளை மேற்பரப்பிலிருந்து ஓரத்தின் வழியாகக் கீழ்நோக்கி மட்டும் தேய்த்தால், கூடுதல் துணி ஓரத்திலேயே ஒடிந்து விழும். மேல்நோக்கித் தேய்த்தால் ஒட்டிய துணியும் உரிந்துகொண்டு வரும். கத்தரி செய்ய முடியாத நேர்த்தியை இந்த உப்புத்தாள் செய்கிறது.

உடற்பகுதியின் மூக்கு போன்ற இரட்டை வளைவுகளில் மட்டும் துணியை நேர் நூலில் வெட்டாமல், தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்கிற முறையில், நூலுக்கு 45 பாகை சாய்வாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய துணி வளைவுக்கு இணங்கிப் படியும். பிசிறும் குறைவாகவே வரும். துணி கூடுதலாகச் செலவாகும் என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

துணியின் எடையைப் பற்றியும் ஒரு சொல். ஒன்றரை மீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கையின் இரு பக்கங்களும் சேர்ந்து முக்கால் சதுர மீட்டர் வரும். 25 ஜிஎஸ்எம் துணி அதற்கு 19 கிராமுக்கு உட்பட்டே ஆகும். நன்றாக வழித்தெடுத்தால் எபாக்ஸியும் ஏறத்தாழ அதே அளவில் நிற்கும். ஆனால் மதுரையில் நான் ஃபைபர் கிளாஸ் கேட்ட கடைகளில் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டிக்கும் கூரைக்கும் போடுகிற 450 ஜிஎஸ்எம் 'மேட்' என்ற விரிப்பைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அது நெய்த துணியே அல்ல. நறுக்கிய இழைகளைப் பரப்பி ஒட்டியது. அதைப் போர்த்திய விமானம் தரையை விட்டு எழும்பாது. அதோடு விற்கப்படுகிற பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மகோல் இறக்கையில் ஊற்றினால் தெர்மகோல் கரைந்து குழியாகிவிடும். எபாக்ஸியில் அந்த ஆபத்து இல்லை. ஆகவே மெல்லிய துணியை வெளியூரிலிருந்து கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒருமுறை நான் வாங்கிய இரண்டு மீட்டர் துணியை ஒரு வியாபாரி நான்காக மடித்து உறையில் போட்டு அனுப்பியிருந்தார். பருத்தித் துணியின் மடிப்பை இஸ்திரி போட்டு எடுத்துவிடலாம். கண்ணாடித் துணியில் மடித்த இடத்தில் இழை ஒடிகிறது, நெசவு விலகுகிறது. அந்த மடிப்புக் கோடுகள் இன்றும் என் விமானத்தில் இருக்கின்றன. அட்டைக் குழாயில் சுற்றி அனுப்பச் சொல்லி, கூடுதல் செலவானாலும் கொடுத்துவிடுவதே மேல். வெட்டிய துண்டுகளையும் அதே குழாயில் சுற்றிவைத்து, இறக்கையின் மேல் உருட்டி விரித்தால் நூல் கலையாது.

நம் ஊர் வெயிலுக்காக இரண்டு செய்திகள். வெப்பம் கூடக் கூட எபாக்ஸி விரைவில் இறுகும் என்பதால், சித்திரை வைகாசியில் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரைக் கலந்த பிறகு துணி வெட்ட உட்காருவது வீண். எல்லாத் துண்டுகளையும் முதல் நாளே வெட்டி வைத்துவிட்டு, விடியற்காலையில் ஒட்டுவது என் வழக்கம். வெட்டும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பது இன்னொன்று. வியர்த்த கையில் கண்ணாடி இழை ஒட்டிக்கொண்டு அரிக்கும். எனவே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. அரித்தால் தேய்க்காமல், டேப்பை ஒட்டி எடுத்து இழைகளை நீக்கிவிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசியும் அடங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட கட்டுரையில் இந்த எச்சரிக்கை ஒரு வரியாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

கோடை விடுமுறை தொடங்குவதற்குள், அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியை மட்டுமாவது திருத்தி, வெட்டும் முறையைப் படங்களோடு மாணவர் பக்கத்தில் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் எடுக்கத் தங்கள் நிருபர் வருவதானால், துணியும் கட்டரும் மேசையும் என் வீட்டில் தயாராக இருக்கின்றன. காலை எட்டு மணிக்குள் வந்தால் மின்விசிறி இல்லாமலும் உட்கார முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்,
திருநகர், மதுரை.