லூப்பில் நின்ற பாசஞ்சர்

டல்லஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் இரண்டே நிமிஷத்தில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் சான் அன்டோனியோவுக்கு ரயிலில் போனேன். ஆபீசில் சொன்னதும் மேனேஜர் கேட்டது: "கார் ரிப்பேரா?" அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காரில் நாலரை மணி நேரம், ரயிலில் பத்து. அதுவும் நாளுக்கு ஒரே வண்டி. ஆனால் இதே மனிதர்தான் சுவிட்சர்லாந்து போய்வந்து ஒரு மாதம் ரயில் புராணம் பாடினார்!

நடுவழியில், ஒரு மாட்டுப் பண்ணைப் பக்கம், எங்களை லூப்பில், வழிவிட ஒதுங்கும் பக்கத்துத் தண்டவாளத்தில், போட்டார்கள். எதிர்வண்டியோடு கிராசிங் போலிருக்கிறது என்று ஜன்னலோரம் காத்திருந்தால், வந்தது கூட்ஸ்! ஒற்றை லைன் காலத்தில் மணப்பாறை ஸ்டேஷனில் கூட்ஸை ஒதுக்கிவிட்டு வைகை எக்ஸ்பிரஸுக்கு லைன் கொடுப்பீர்களே, இங்கே தலைகீழ். கன்டெய்னர்மேல் கன்டெய்னராக இரண்டு அடுக்கு. எண்ணத் தொடங்கி நூற்றிருபதில் விட்டுவிட்டேன். தண்டவாளம் சரக்குக் கம்பெனிகளுடையது. பயணிகள் வண்டிக்கே முதலிடம் என்று 1973-இலேயே சட்டம் போட்டாயிற்று. ஆனால் மூன்று கிலோமீட்டர் நீள கூட்ஸ் எந்த லூப்பில் அடங்கும்? அடங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும்.

எதிர் சீட்டில் ஒரு பாட்டி, கம்பளி பின்னிக்கொண்டே வந்தார். கண் மங்கியதால் டாக்டர் கார் சாவியைப் பிடுங்கிவிட்டாராம். அதுவரை பஸ் படியைக்கூட மிதித்ததில்லையாம். இங்கே பஸ்ஸும் ரயிலும் கதியற்றவர்களுக்கு என்றுதான் பலருக்கு நினைப்பு. நம்மவர்களும் விதிவிலக்கில்லை. வந்த புதிதில் நான் லைட் ரெயிலில் வேலைக்குப் போனதைப் பார்த்துவிட்டு நண்பன் சொன்னான்: "சீக்கிரம் கார் வாங்குடா, மானத்தை வாங்காதே."

பக்கத்தில் ஆர்லிங்டன் என்று ஓர் ஊர். நாலு லட்சம் பேர். வழக்கமான டவுன் பஸ் ஒன்றுகூடக் கிடையாது. செல்போனில் கூப்பிட்டால் வேன் வரும், அவ்வளவுதான். பொதுப் போக்குவரத்துக்கு வரி போடலாமா என்று 1980, 1985, 2002 என மூன்று முறை ஓட்டெடுப்பு. மூன்றிலும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் 2004-இல் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு விற்பனை வரியில் டாலருக்கு அரை சென்ட் கூட்டக் கேட்டபோது, சரி என்று குத்திவிட்டார்கள். ஆட்டம் பார்க்கப் போவதும் காரில்தான்!

அடுத்த வருஷம் நீங்கள் வரும்போது அதே ரயிலில் கூட்டிப்போகிறேன். பரணில் இருக்கும் சிவப்புக் கொடியை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

அன்பு மகன்