வண்டி நின்றது, கால்கள் நிற்கவில்லை: அனிமேஷன் மென்பொருள் உருவாக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அடோபி அனிமேட் குழுவினருக்கு,

வணக்கம். ஒவ்வொரு மூவி கிளிப்புக்கும் (தானே ஓடும் அசைபடத் துண்டுக்கும்) தனி டைம்லைன், அதாவது ஃப்ரேம்கள் எனும் படச் சட்டங்களின் வரிசை, உண்டு என்பதையும், தாய் டைம்லைனுக்கு இடும் ஸ்டாப் கட்டளை உள்ளிருக்கும் சேய் கிளிப்புகளை எட்டாது என்பதையும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்படி வகுத்தவர்களே நீங்கள்தாம்.

சென்ற வாரம் ஒரு பாடத்துக்காக மிதிவண்டி ஓட்டும் சிறுமியை உருவாக்கினேன். வண்டிக்குள் சிறுமி, சிறுமிக்குள் கால்கள், கைப்பிடியில் ஒரு மணி, எல்லாம் ஒன்றினுள் ஒன்றாக வைத்த கிளிப்புகள். இடைநிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் வண்டி நின்றது. கால்களோ நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தன. உள்ளடுக்குகள் அனைத்தையும் நிறுத்தும் ஸ்டாப்ஆல்மூவிகிளிப்ஸ் கட்டளை ஃபிளாஷ் பிளேயர் (இந்த அசைபடங்களை ஓட்டிவந்த மென்பொருள்) 11.8 முதல் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற நிரல்மொழியில் இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் நிறுத்தியவற்றை மீண்டும் ஓட்ட அதற்கு இணையான கட்டளை இல்லை. எனவே ஒவ்வொரு சேயாக இறங்கிச்சென்று பிளே (ஓடு) என்று சொல்லும் ஃபங்ஷனை நானே எழுதினேன். கால்கள் மிதித்தன, கூடவே, முதல் ஃப்ரேமிலேயே வேண்டுமென்று நிறுத்திவைத்திருந்த மணியும் ஓயாமல் ஆடத் தொடங்கியது. பிறகு, நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு கிளிப்பிடமும் ஓடிக்கொண்டிருக்கிறாயா என்று இஸ்பிளேயிங் என்ற பண்பின் வழியே கேட்டு, பட்டியலிட்டு, அவற்றை மட்டும் எழுப்பும்படி மாற்றினேன். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பது உங்கள் பிளேயருக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கணக்கை நாங்கள் ஏன் இன்னொரு முறை எழுத வேண்டும்?

கால்களை, தாய் டைம்லைனோடு ஒட்டியே ஓடும் கிராஃபிக் சிம்பலாக மாற்றினால் தாயோடு சேர்ந்தே நிற்குமே என்பார்கள். நிற்கும், ஆனால் அதற்கு இன்ஸ்டன்ஸ் பெயர் சூட்ட முடியாது, பெயரில்லாததை ஸ்கிரிப்டால் அழைக்கவும் முடியாது. பேச்சு கேட்கும் பிள்ளைக்குப் பெயரில்லை, பெயருள்ள பிள்ளை பேச்சு கேட்பதில்லை. இதற்கிடையில், ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் 1 என எண்ணப்படும் முதல் ஃப்ரேம் இணைய உலாவியில் ஓடும் எச்டிஎம்எல்5 கேன்வாஸ் வடிவத்துக்குப் போனதும் 0 ஆகிவிடுகிறது. எண்ணிக்கையிலாவது ஒருமுறை கூடிப் பேசியிருக்கலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு கிளிப்பையும் அதன் உள்ளடுக்குகள் அனைத்தையும் இருந்த நிலையிலேயே உறையவைக்க ஒரு கட்டளையும், ஓடிக்கொண்டிருந்தவற்றை மட்டும் விட்ட ஃப்ரேமிலிருந்து தொடரவைக்க அதற்கு இணையான இன்னொரு கட்டளையும் அடுத்த பதிப்பிலேனும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மணியை இன்னும் தேடித்தேடி நிறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பயனர்