விளக்குக் குழுவின் நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், எஸ்டேட் குடியிருப்பு வரிசைகளான மேல் லைன், கீழ் லைன் வீட்டாருக்கும் கிறிஸ்துமஸ் விளக்குக் குழுவின் வணக்கம்.

ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளோடு கடைசி ஸ்டாரையும் இறக்கியாயிற்று. கோத்தகிரிச் சரிவில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் ஒரு பக்கம், மூடுபனி மறுபக்கம். அந்த ஈரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயில் படி வரை விளக்கு நின்றது என்றால், யார் யார் கைவேலை என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

முதல் நன்றி, நவம்பரிலேயே பழைய சீரியல் செட்டுகளைப் பிரித்துப் பார்த்த பாலிடெக்னிக் தம்பி, தங்கைகளுக்கு. 230 வோல்ட்டில் நேராக ஓடும் செட்டில் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய எழுபது எல்.இ.டி. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று அறுந்தால் வரிசையே போச்சு. ப்ளக்கைக் கழற்றிவிட்டு, 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்து, ஒவ்வொரு பல்பாகத் தொட்டுப் பார்த்தார்கள். எரியாததை எடுத்துவிட்டு அதே நிறப் பல்பைத்தான் வைத்தார்கள். சிவப்புக்கு 2 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் என்பதால் நிறம் மாற்றிப் போட்டால் கணக்கு இடிக்கும். செத்த பல்பை விட்டுவிட்டு ஒயரை ஒயரோடு முறுக்கிவிடுவது சுலபம்தான். ஆனால் அப்படி நாலைந்து இடத்தில் முறுக்கிய செட்டில் மிச்சப் பல்புகள் கூடுதல் மின்சாரம் தாங்கிச் சீக்கிரம் கருகும். இன்னொன்றையும் சரியாகச் செய்தார்கள்: ஊசியால் ஒயரைக் குத்திச் சோதிக்கவில்லை, பல்பின் காலில் மட்டுமே தொட்டார்கள். குத்திய துளை வழியே பனித்தண்ணீர் இறங்கினால் ஒரு வாரத்தில் செம்பு பச்சை பிடித்துவிடும்.

அடுத்து வயர்மேன் அண்ணன். மின்கம்பியில் திருட்டுக் கொக்கி போட்டு விழா நடத்துகிற இடங்கள் உண்டு. நாம் தற்காலிக இணைப்புக்கு முறைப்படி பணம் கட்டியே வாங்குகிறோம். அதை நான்கு லைனாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும், மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்தவர் அவர். பனி இறங்கும் இரவில் ஒவ்வொரு செட்டும் துளித்துளியாக மின்சாரத்தைக் கசியவிடும். எல்லாம் ஒரே லைனில் சேர்ந்தால் ட்ரிப் ஆகி ஊரே இருட்டாகும், பிரித்து வைத்தால் ஒரு தெரு மட்டும் அணையும். ட்ரிப் ஆகிறதே என்று ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு லைனை நேராகக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் பதில் சரி.

ஜாயிண்ட் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 25 வாட் சால்டரிங் அயர்ன் நம் ஊர்க் குளிர்காற்றில் சூடு நிற்காது. ஈயம் உருண்டையாக மேலே உட்காருமே தவிர, கம்பியில் ஓடாது. 60 வாட் அயர்னை வைத்துக்கொண்டு, ஒருவர் காற்றுக்குக் குடையைச் சாய்த்துப் பிடிக்க, ஒயரைத் துணியால் துடைத்துத் துடைத்து அவர் பற்றவைத்தார். ஈர ஒயரில் இன்சுலேஷன் டேப் ஒட்டாது, காலையில் சுருள் சுருளாகத் தொங்கும். அதனால் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, இரண்டு முனையிலும் சிலிக்கான் பசை வைத்தார். கண்ட்ரோலர் பெட்டிக்குள் போகும் ஒயர் எதையும் மேலிருந்து நேராக நுழைக்கவில்லை. ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, திருப்பி மேலே ஏற்றினார். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குப் போகாது.

ஸ்டார்களுக்கு நன்றி கீழ் லைன் தாத்தாக்களுக்கு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள். மூங்கிலைச் சிம்பாக்கி, அங்கே பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் காகித விளக்கான வெசாக் கூடு கட்டிப் பழகிய கை. ஐந்தடி ஸ்டாருக்கு ஒரே நீளத்தில் பத்துச் சிம்பு, முகத்துக்கு ஐந்து. இரண்டு முகத்தையும் நுனிகளில் கட்டிவிட்டு, உள் மூலை ஐந்திலும் ஒரு சாண் குச்சியை நிறுத்தினால் வயிறு உப்பி நிற்கும். பசைக்கு மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துத் தாள் உரியும். கீழ் நுனியில் தண்ணீர் வடிய ஒரு துளை. முன்பு உள்ளே போட்ட ஜீரோ வாட் பல்புக்குப் பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட். இப்போது அரை வாட் எல்.இ.டி.

துணித் தோரணம் தைத்த டெய்லர் அக்காக்களுக்கும் நன்றி. 2019 முதல் பிளாஸ்டிக் கொடிக்கு மாநிலம் முழுக்கத் தடை. உண்மையில் துணிதான் காற்றுக்கும் தாங்குகிறது.

மாரியம்மன் கோவில் கமிட்டி தங்கள் நீள ஏணியையும் சவுக்குக் கம்புகளையும் கொடுத்தார்கள். பள்ளிவாசல் தெருக்காரர் ஜீப் கொடுத்தார், டீசலுக்குக் கூடக் காசு வாங்கவில்லை. எஸ்டேட்டில் மூங்கில் கிடைத்தது. சில்வர் ஓக் மரத்தில் ஆணி அடிக்காமல் கட்டித் தந்த தோட்டத் தொழிலாளர்களுக்குத் தனி நன்றி. மரத்தில் சுற்ற நார்க்கயிறு, நனைந்தால் இறுகும். நைலான் நனைந்தால் நீளும், ஒயர் தொய்ந்துவிடும். ரோட்டுக்குக் குறுக்கே போகும் ஒயரின் பாரத்தை, பிவிசி உறை போட்ட கம்பி தனியாகத் தாங்கியது. தேயிலை லாரியின் மேல்சுமைக்கு இடம் விட்டுப் பதினெட்டடி உயரம். வேலியோரமாகத் தாழ ஒயர் ஓட்டக் கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னதும் இவர்களே. இரவில் காட்டுமாடு வந்துபோகும் பாதை அது, கொம்பில் மாட்டினால் லைன் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். அவை வரும் நேரத்துக்கு முன்பே, பத்து மணிக்கு, டைமர் வைத்து அணைத்தோம். 24-ஆம் தேதி மட்டும் நள்ளிரவுப் பூசை முடியும்வரை எரிந்தது.

ஸ்டீல் டம்ளரில் சுக்குக் காப்பி கொடுத்தவர்கள், நன்கொடை தந்தவர்கள், கேரல்ஸ் குழு, சிறுவர்கள், எல்லாருக்கும் நன்றி. வரவு செலவு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது.

ஆனால் எங்கள் கணக்கில் பெரிய நன்றி, பண்டிகை முடிந்து ஆளே இல்லாத ஜனவரியில் வந்து கழற்றிய ஏழெட்டுப் பேருக்கு. முழங்கையில் சுற்றினால் ஒயர் முறுக்கேறிப் பல்பின் கால் ஒடியும் என்பதால், அட்டையில் எட்டு வடிவமாகச் சுற்றினார்கள். வெயிலில் காயவைத்து, எந்தத் தெரு, எந்தக் கம்பு என்று சீட்டுக் கட்டி, ஃபேக்டரி தந்த, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய தேயிலைச் சாக்கில் போட்டு, எலிக்குப் பயந்து தகர டிரம்மில் பூட்டியிருக்கிறார்கள்.

எரியாத செட்டுகளைத் தனிச் சாக்கில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து யாரும் வீட்டு விசேஷத்துக்கு அதை எடுக்க வேண்டாம். மாரியம்மன் கோவில் ஏணி திரும்பக் கொடுத்தாயிற்று. சவுக்குக் கம்பில் இரண்டு குறைகிறது. யார் வீட்டுப் பந்தலில் நிற்கிறதோ, மாசித் திருவிழாவுக்கு முன் கமிட்டியிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துமஸ் விளக்குக் குழுவினர்